மிஷனெரியின் குடும்பத்தையும் சேர்த்துத் தாங்குவோம்

மிஷனெரி ஊழியரைத் தாங்குவது பணத்தில் தொடங்குகிறது, பணத்தோடு முடிவதில்லை. பிள்ளைகளின் படிப்பு, துணைவரின் உடல்நலம், ஊரில் தனியே இருக்கும் வயதான பெற்றோர், ஓய்வுக்குப் பின் ஒரு வீடு என்று ஊழியர் குடும்பத்துக்கு இருக்கும் கவலைகள் எல்லாக் குடும்பங்களுக்கும் உள்ளவைதான். ஆனால், அவற்றில் கைகொடுக்க உற்றார் உறவினர் பக்கத்தில் இருப்பதில்லை. அனுப்பிய சபைதான் அந்த உறவினரின் இடத்தில் நிற்க வேண்டும்.

தவறாமல் வரும் காணிக்கை

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது பழகிய வேலை. 1902இல் யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, அங்கிருந்த தமிழ்ச் சபையார் தங்கள் சொந்த முயற்சியில் மிஷன் பணி நடத்துவதைக் கண்டார். மறு ஆண்டு பிப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பாளையங்கோட்டையில் பிறந்தது. ஆட்கள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. தெலுங்கு பேசும் டோர்னக்கல் வட்டாரம் அதன் பணித்தளமானது. 1909இல் அசரியாவே குடும்பத்தோடு அங்கே போனார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

இத்தகைய சங்கங்களைத் தாங்கியவர்களில் பெரும்பாலோர் சாதாரண மக்கள். திருநெல்வேலிச் சீமையின் பிடியரிசிக் காணிக்கையைப் போன்ற வழக்கம் மிசோரமில் 1910 முதல் நடக்கிறது. உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைத் தனிப் பாத்திரத்தில் எடுத்துவைக்கிறார்கள். சபைப் பெண்கள் வீடுவீடாகச் சென்று அதைச் சேகரிக்கிறார்கள். அரிசியை விற்ற பணம் ஊழியத்துக்குப் போகிறது. ஒரு பிடி அரிசி குறைவதால் எந்த வீட்டிலும் பசி வந்துவிடாது. ஆனால் அது நாள் தவறாமல் சேர்கிறது.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மாதச் சம்பளம் வாங்குபவருக்கும் இந்த முறை பொருந்தும். உணர்ச்சி மிகுந்த கூட்டத்தில் ஒருமுறை ஐந்நூறு ரிங்கிட் போடுவதைவிட, வங்கியில் சொல்லிவைத்து மாதம் ஐம்பது ரிங்கிட் அனுப்புவது ஊழியருக்கு அதிகம் உதவும். வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் மாதந்தோறும் வருபவை. உதவியை நிறுத்த நேர்ந்தால் சில மாதங்களுக்கு முன்பே சொல்லிவிடுவது மரியாதை.

கடிதமும் ஜெபமும்

1708இல் ஐரோப்பாவிலிருந்து மிஷனெரி சீகன்பால்குக்கு வந்த பணப்பெட்டி தரங்கம்பாடிக் கரையருகே கடலில் மூழ்கிப்போனது. தரங்கம்பாடிப் பணி அதோடு நின்றுவிடாததற்குக் கடிதங்களும் ஒரு காரணம். அங்கிருந்து போன கடிதங்களை ஜெர்மனியின் ஹாலே நகரத்தார் 1710 முதல் அச்சிட்டுப் பரப்பினார்கள். அவற்றைப் படித்தவர்கள் ஜெபித்தார்கள், கொடுத்தார்கள். ஊழியர் அனுப்பும் ஜெபக் கடிதத்தை வாசித்து, பெயர் சொல்லி ஜெபித்து, இரண்டு வரி பதில் எழுதுவது இன்றும் அதே வேலையைச் செய்கிறது. பதில் கேள்விப் பட்டியலாக இருக்க வேண்டாம். ஊர்ச் செய்தியும் சபைச் செய்தியும் போதும்.

துணைவருக்கென்று தனியாக எழுதுவது இன்னும் முக்கியம். வில்லியம் கேரியை அனுப்பிய சங்கம் 1792 அக்டோபரில் கெட்டரிங்கில் தொடங்கியபோது, வாக்களிக்கப்பட்ட தொகை 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். மறு ஆண்டு, முதலில் வர மறுத்த மனைவி டாரதியும் கைக்குழந்தையோடு கப்பல் ஏறினார். 1794இல் மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். டாரதியின் மனநிலை குலைந்தது. 1807இல் அவர் இறக்கும்வரை தேறவில்லை. கேரியின் சாதனைகளைச் சொல்லும் மேடைகளில் இந்தப் பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. மனநல ஆலோசனைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் இன்று சபை ஒதுக்கும் பணம் வீண்செலவாகாது என்பதற்கு டாரதியின் வாழ்க்கையே சாட்சி.

பிள்ளைகளின் படிப்பு

மிஷனெரிப் பிள்ளைகளின் பள்ளிக்குப் பினாங்கிலேயே ஒரு சான்று உண்டு. வியட்நாமின் டாலாட் மலைநகரில் 1929இல் ஒரு மிஷன் சங்கம் தன் ஊழியர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, போர் காரணமாக 1965இல் அங்கிருந்து கிளம்பியது. பாங்காக், கேமரன் மலை எனச் சுற்றி 1971இல் பினாங்கின் தஞ்சோங் பூங்காவுக்கு வந்தது. டாலாட் அனைத்துலகப் பள்ளி என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. சீனாவில் ஹட்சன் டெய்லரின் மிஷன் தொடங்கிய பள்ளியின் வழிவந்த, கேமரன் மலையில் இருந்த செஃபூ பள்ளி 2001இல் மூடப்பட்டது. தமிழ்நாட்டில் டோனாவூரின் சந்தோஷ வித்யாலயா, வடமாநிலங்களில் ஊழியம் செய்வோரின் பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்துப் படிக்கவைக்கிறது.

விடுதிப் படிப்புக்கு ஒரு விலை உண்டு. சிறு வயதிலேயே பெற்றோரைப் பிரியும் பிள்ளை பருவத்துக்கொரு முறைதான் வீட்டைப் பார்க்கும். மாறாக, பெற்றோரோடு பணித்தளத்திலேயே வளர்ந்தால் இந்தியோ ஒடியாவோ சரளமாக வரும். தமிழ் எழுத்துக் கூட்டத் தடுமாறும். சபை இங்கே பல வழிகளில் உதவலாம்: கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்பது, இணையம் வழி கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுப்பது, சிறுவர் இதழ்களும் புத்தகங்களும் அனுப்புவது, பிறந்தநாளில் பிள்ளையின் பெயருக்கே வாழ்த்து அனுப்புவது, கல்லூரி விடுமுறையில் தங்க ஒரு வீட்டைத் திறந்துவைப்பது. சபை மேடையில் பிள்ளையை நிறுத்திப் பாடச் சொல்வதை மட்டும் தவிர்க்கலாம்.

விடுப்பும் முதுமையும்

விடுப்பில் ஊர் வரும் குடும்பத்தைச் சபை சபையாகப் பேச அழைத்துச் செல்வது வழக்கம். கூட்டங்களைக் குறைத்து, முதலில் ஓய்வுக்கு இடம் தர வேண்டும். சமையல் பாத்திரங்களோடு ஒரு வீடு, ஓட்ட ஒரு கார், பல் மருத்துவர் உட்பட முழு உடற்பரிசோதனை ஆகியவை உடனடித் தேவைகள். பினாங்கில் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. 1924இல் தொடங்கிய அட்வெண்டிஸ்ட் மருத்துவமனையே ஒரு மிஷன் நிறுவனம்தான்.

ஊழியரின் பெற்றோரை மாதம் ஒருமுறை மருத்துவமனைக்கு அழைத்துப் போய், மருந்து வாங்கிக் கொடுத்து, வீட்டில் விடுபவர் பணித்தளத்துக்கே உதவுகிறார். ஊழியருக்குச் சேமநிதிச் சந்தா கட்டப்படுகிறதா என்பதையும் சபை விசாரிக்க வேண்டும். மலேசியரானால், நிலையான முதலாளி இல்லாவிட்டாலும் இபிஎப்பில் தாமே சந்தா செலுத்த வழி உண்டு.

சட்டம் தெரிந்து உதவுவது

இந்தியாவில் ஊழியம் செய்பவரின் சொந்த வங்கிக் கணக்குக்கு வெளிநாட்டிலிருந்து ஊழியப் பணம் போடுவது அவருக்கே வினையாக முடியலாம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெற்ற அமைப்புகள் புதுடில்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையின் குறிப்பிட்ட கணக்கு வழியாகவே நன்கொடை பெற வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தம், பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றுவதையும் தடை செய்தது. எனவே சங்கத்தின் அலுவலகத்தைக் கேட்டு, ரசீதோடு அனுப்புவதே முறை. அதுபோல, ஊழியரின் படத்தையும் ஊர்ப் பெயரையும் அவர் சம்மதம் இல்லாமல் முகநூலிலோ வாட்ஸ்அப் குழுக்களிலோ போடக் கூடாது. இங்கே பெருமையாகத் தோன்றும் ஒரு பதிவு, அங்கே அவர்கள் குடியிருப்பைக் காலி செய்யக் காரணமாகலாம்.

சபையின் மிஷனெரிக் குழு அடுத்த முறை கூடும்போது, எவ்வளவு அனுப்பினோம் என்ற கணக்கோடு இன்னும் சில கேள்விகளுக்கும் பதில் வைத்திருக்கட்டும்: அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள்? ஊரில் இருக்கும் தாய் தகப்பனை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? கடைசியாக எப்போது அவர்கள் ஓய்வெடுத்தார்கள்? பதில் தெரியாத கேள்வி எதுவோ, அங்கிருந்தே வேலையைத் தொடங்கலாம்.