லாரி ஆபீசுக்குப் புது மென்பொருள்: பழைய ஏட்டை எப்போது மூடலாம்?

கோவில்பட்டியிலிருந்து வடக்கே புறப்படும் பார்சல் லாரியில் பலருடைய சரக்கு கலந்து போவதுண்டு. தீப்பெட்டி பண்டல்களே நாலைந்து யூனிட்டிலிருந்து வந்து ஒரே தார்ப்பாய்க்குள் சேரும். ஒவ்வொரு சரக்குக்கும் தனி இ-வே பில், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகுப்பு பில். அதில் ஒருவருடைய ஜி.எஸ்.டி. எண் தப்பாக இருந்து சோதனையில் வண்டியை நிறுத்திவிட்டால், மற்றவர்களின் பண்டல்களும் சேர்ந்துதான் நிற்கும்.

இரண்டு மூன்று லாரியில் தொடங்கி இருபது முப்பதாக வளர்ந்த நிறுவனங்கள் புக்கிங், எல்.ஆர்., டிரிப் கணக்கு, டீசல், பேட்டா, வசூல் அத்தனையையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவர நினைப்பது நியாயமே. அந்த அளவு வேலையைக் கணக்கப்பிள்ளை ஒருவரின் ஞாபகசக்தியில் ஓட்ட முடியாது. விற்க வருபவர் மாதிரி காட்டும்போது எல்லாம் சரியாகவே ஓடும். பழைய ஏட்டை மூடிவிட்டு முழுக்கப் புதியதை நம்பும் அன்றுதான் சிக்கல் தலைகாட்டும்.

நாடே இதை ஒருமுறை அனுபவித்திருக்கிறது. 2018 பிப்ரவரி 1 அன்று இ-வே பில் நாடு முழுவதும் கட்டாயமானது. தேசியத் தகவலியல் மையம் கட்டிய இணையதளம் அன்றே திணறி முடங்கியது. சரக்குப் போக்குவரத்து நின்றுவிடாமலிருக்க, அரசு சோதனைக் காலத்தை உடனே நீட்டித்தது. அடுத்த முறை அவசரப்படவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு மட்டும் ஏப்ரல் 1. மாநிலத்துக்குள் ஓடும் சரக்குக்கு ஏப்ரல் 15 முதல் சில சில மாநிலங்களாக. தமிழ்நாட்டின் முறை ஜூன் 2-ல்தான் வந்தது. இந்த முறை திட்டம் நிலைத்தது. கணினித் திறனைக் கூட்டியதோடு, பாரத்தைப் பிரித்து ஏற்றியதும் அதற்குக் காரணம் என்பேன்.

அதே வழி லாரி ஆபீசுக்கும் பொருந்தும். முதலில் ஒரே கிளை, ஒரே தடம். இரண்டு மாதமாவது ஏடும் கணினியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். தினம் மாலை இரண்டின் வசூல் தொகையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரே வீச்சில் எல்லாவற்றையும் மாற்றப் பார்ப்பவர்களுக்கு டி.எச்.எல். ஓர் எச்சரிக்கை. அதன் சரக்கு அனுப்பும் பிரிவு உலகெங்கும் ஒரே மென்பொருள் என்று தொடங்கிய திட்டத்தால், 2015-ல் 34.5 கோடி யூரோ கணக்கில் அடிபட்டது.

ஏட்டிலிருந்து கணினிக்கு ஏற்றும் விவரங்களே பெரிய தலைவலி. ஒரே பார்ட்டியின் பெயர் ஒரு பக்கத்தில் முதலெழுத்தோடும், இன்னொன்றில் கடைப்பெயராகவும் இருக்கும். மென்பொருளுக்கு அவர்கள் இரண்டு பேர், பாக்கியும் இரண்டாகும். இதைப் பிரித்தறியத் தெரிந்தவர் புக்கிங் குமாஸ்தா. அவரை முதல் நாளிலிருந்தே கூட உட்கார வையுங்கள். எந்த விவரத்தை முதலில் சரிபார்ப்பது என்பதற்கு 2018 செப்டம்பர் 14 தேதியிட்ட ஜி.எஸ்.டி. சுற்றறிக்கை வழிகாட்டுகிறது. பெயரில் எழுத்துப்பிழை, வண்டி எண்ணில் ஓரிரு இலக்கம் மாறுவது போன்றவற்றுக்கு மொத்தம் 1,000 ரூபாய் அபராதம் போதும் என்கிறது. ஆனால் பெயர்ப் பிழைக்கான சலுகை ஜி.எஸ்.டி. எண் சரியாக இருந்தால்தான். ஆகவே முதலில் அந்த எண்.

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் இதில் இறங்கவே வேண்டாம். சிவகாசிப் பட்டாசு லோடு உச்சத்தில் இருக்கும்போது புதுத் திரையில் தட்டித் தடுமாற யாருக்கும் நேரமிருக்காது. பொங்கல் கழிந்து ஒரு கிளையில் தொடங்கினால், ஏப்ரல் 1-ல் புதுக் கணக்காண்டின் ஆரம்ப இருப்பை நிதானமாக ஏற்றலாம்.

பாதுகாப்பை மறந்தவர்கள் கதை கொடுமையானது. பிரிட்டனின் கே.என்.பி. நிறுவனத்துக்குச் சுமார் 500 லாரிகள், 158 ஆண்டு வரலாறு. கடவுச்சொல் ஒன்றை ஊகித்து உள்ளே புகுந்தவர்கள் தரவைப் பூட்டிப் பணம் கேட்டார்கள். 2023-ல் நிறுவனமே மூடப்பட்டு, சுமார் 700 பேர் வேலையிழந்தார்கள். தினசரிக் கணக்கின் நகல் ஒன்று இணைய இணைப்பே இல்லாத வட்டில், ஆபீசுக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு நிபந்தனையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும், எங்கள் தரவு முழுவதையும் எக்செல் கோப்பாக இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம், விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காதீர்கள்.