உப்பு ஏன் ஐந்து கேள்விக்குறியாகிறது?

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளங்களில் பொங்கலையொட்டித் தொடங்கும் வேலை, வடகிழக்குப் பருவமழை வரும்வரை நடக்கிறது. அந்த மாதங்களில் மூட்டை விலை என்ன, யாரிடம் எவ்வளவு இருப்பு என்பதை வியாபாரிகள் இருந்த இடத்திலிருந்தே பார்க்கட்டும் என்று உற்பத்தியாளர்கள் சிலர் சேர்ந்து இணையப் பக்கம் ஒன்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். வாடகை சர்வரில் கொஞ்சம் இடமும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு நிரலும் போதும். ஆனால் நிறுவிய அன்றே வெள்ளைத் திரையோ, 500 என்ற பிழை எண்ணோ வந்து நிற்கலாம். அப்போது பெரும்பாலோர் கைக்கு வந்ததையெல்லாம் மாற்றிப் பார்க்கிறார்கள். அது கூடாது. சர்வர் தன் பிழையை எழுதி வைக்கிறது. அதைப் படித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, வரிசையாகத் தேடினால் காரணம் அகப்படும். தமிழில் தகவல் சேமிப்பவருக்கு இந்த நிதானம் இன்னும் அவசியம். அவசரத்தில் கை வைத்தால் பக்கத்தோடு சேர்ந்து எழுத்தும் மீளாமல் போய்விடும்.

சாதாரண இணையப் பக்கம் எழுதி வைத்தபடியே வந்து சேரும். சர்வர் நிரல் அப்படியல்ல. பார்ப்பவர் கேட்கும் நொடியில் சர்வரிலேயே ஓடி, தரவுத்தளத்திலிருந்து இன்றைய விலையை எடுத்து, பக்கத்தைப் புதிதாகக் கட்டி அனுப்பும். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட பிஎச்பி மொழிதான் இதற்கு மிகுதியாகப் பயன்படுகிறது. வேர்ட்பிரஸ், தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி இரண்டும் அதில் எழுதப்பட்டவையே. நிறுவும் முறையும் எளிது: கோப்புகளைச் சர்வரில் ஏற்றி, காலியான தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, அதன் பெயர், பயனர், கடவுச்சொல் மூன்றையும் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும்.

பிழை வந்தால் தேடும் முறையை உப்பளமே காட்டுகிறது. உப்புநீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து செறிவாகி, செறிவை அளக்கும் பாமே அளவில் ஏறத்தாழ 25 டிகிரியை எட்டும்போது உப்பாகப் படியத் தொடங்கும். உப்பு சரியாகப் படியவில்லையென்றால் எந்தப் பாத்தியில் டிகிரி தவறியது என்று பார்க்க வேண்டுமே தவிர, எல்லா மடைகளையும் ஒன்றாகத் திறந்துவிடக் கூடாது. இணையக் கோரிக்கையும் இப்படித்தான் நிலை நிலையாகக் கடந்து போகிறது. 404 என்றால் கேட்ட கோப்பு அந்தப் பெயரில் இல்லை. விண்டோஸ் கணினியில் ஓடிய நிரல் லினக்ஸ் சர்வரில் இப்படி நிற்பதற்குப் பெரும்பாலும் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடே காரணம். 403 என்றால் அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது. 500 என்றால் சர்வருக்குள்ளேயே ஏதோ தடுக்கிறது. எது என்று திரையில் சொல்லாது, பிழைப் பதிவேட்டில் கோப்பின் பெயரோடும் வரி எண்ணோடும் எழுதியிருக்கும். அதைத் திறக்காமலே எல்லாக் கோப்புக்கும் 777 அனுமதி கொடுப்பது பரவலான பழக்கம். அது யார் வேண்டுமானாலும் எழுதட்டும் என்று கதவைத் திறந்துவிடுவது. பாதுகாப்பு கருதி அத்தகைய கோப்பை ஓட்டவே மறுக்கும் சர்வர்களும் உண்டு. அங்கே 777 கொடுத்ததே 500 பிழைக்குக் காரணமாகிவிடும். பொதுவாகக் கோப்புக்கு 644, கோப்புறைக்கு 755 போதும்.

தமிழ் எழுதுவோரை அதிகம் படுத்தும் பிழை ஒன்று உண்டு. விண்டோஸின் பழைய நோட்பேடில் தமிழைச் சேமிக்க யூடிஎஃப்-8 முறையைத் தேர்ந்தெடுத்தால், கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் சேர்ந்துவிடும். நிரல் தொடங்குமுன்பே அவை வெளியே போய்விடுவதால், தலைப்புத் தகவல் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது என்று பிஎச்பி புகார் சொல்லும். உள்நுழைவு வேலை செய்யாது. நிரலை எத்தனை முறை வரிவரியாகப் படித்தாலும் இந்தக் குற்றம் தெரியாது. பதிவேடு மட்டுமே அந்தக் கோப்பின் முதல் வரியைக் காட்டிக்கொடுக்கும்.

எல்லாவற்றிலும் கவனமாகக் கையாள வேண்டியது தரவுத்தளம். ‘உப்பு’ என்ற சொல் கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் உ, ப, புள்ளி, ப, உகரக்குறி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்றாக 15 பைட்டுகள். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை இயல்பிருப்பு மேற்கு ஐரோப்பிய எழுத்துமுறைதான். அதில் தமிழுக்கு இடமில்லை. எனவே மாற்றும்போது ஒவ்வொரு குறியீடும் ஒரு கேள்விக்குறியாகி, உப்பு ஐந்து கேள்விக்குறிகளாக நிற்கலாம். இங்கே கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எழுத்து சேமிக்கும்போது கெட்டதா, எடுத்துக் காட்டும்போது கெட்டதா? தரவுத்தளத்தின் ஹெக்ஸ் கட்டளை உள்ளே கிடக்கும் பைட்டுகளை அப்படியே காட்டும். ஈ0 என்று தொடங்கினால் எழுத்து உயிரோடிருக்கிறது. இணைப்பின் எழுத்துமுறையை யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றினால் தெரிந்துவிடும். 3எஃப் என்று வரிசையாக நின்றால் கேள்விக்குறிதான் சேமிக்கப்பட்டிருக்கிறது. பழைய நகல் இல்லாவிட்டால் மீட்க வழியில்லை. பைட்டுகள் பிழைத்திருந்தால் கதை வேறு. தமிழ் நூல்களை மின்வடிவில் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் முன்பு தஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் வந்தவை. பின்னர் யூனிகோடுக்கு மாறின. பைட்டுகள் சிதையாமல் இருந்தால் குறியீட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதனால்தான் எதையும் திருத்துமுன் முழு நகல் எடுக்கச் சொல்கிறார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, வாட்ஸ்அப் குழு போதாதா என்று கேட்கலாம். இன்றைய விலையைச் சொல்ல அது போதும். ஐந்து பருவங்களின் விலையை ஒப்பிட்டுப் பேரம் பேச அது உதவாது. அதற்குத் தேடக்கூடிய பதிவு வேண்டும். சொந்தக் கணினியிலேயே எழுதி வைத்தால் ஆகாதா என்றால், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சலைப் போன்ற புயல் இந்தக் கரைக்குப் புதிதல்ல. வேறு ஊரில் இருக்கும் சர்வருக்கு இங்கே புகும் வெள்ளம் எட்டாது. ஒரே சொடுக்கில் நிறுவும் வசதி வந்துவிட்டதே என்பதும் உண்மைதான். அது நிறுவித் தரும். அடுத்த ஆண்டு ஹோஸ்டிங் நிறுவனம் பிஎச்பி பதிப்பை உயர்த்தும்போது பழைய நிரல் நின்றால், பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும். இதெல்லாம் வல்லுநர் வேலை என்போருக்கும் பதில் உண்டு. வல்லுநரை அழைப்பதில் தவறில்லை. ஆனால் எந்தப் பக்கத்தில், எத்தனை மணிக்கு, பதிவேட்டில் எந்த வரியோடு பிழை வந்தது என்று சொல்லி அழைப்பவருக்கு வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறையும்.

இந்தத் திறமைக்காகச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. மாவட்டத் தலைநகரிலேயே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கட்டற்ற மென்பொருளை மாணவர்களிடம் கொண்டுசெல்கிறது. நிறுவக் கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பாடங்களைச் சேர்க்க வேண்டும்: பிழைப் பதிவேட்டைத் திறந்து வாசிப்பது, உண்மையான விவரங்களை ஏற்றுமுன் ஒரு தமிழ்ச் சொல்லைச் சேமித்து, பைட்டுகளைப் பார்த்துச் சரிபார்ப்பது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டுத் தமிழில் திறந்துவிடும் தளம் இன்னும் சோதிக்கப்படாத தளமே.