களத்தில் ஒரு பந்து, வெளியே ஒரு மண்குவளை

கோட்டைப்பட்டினம் கடற்கரையில் சாயங்காலம் டென்னிஸ் பந்தைச் சுழற்றும் தம்பிகளே, பல்வாங்கர் பாலு என்ற பெயரைக் கேட்டதுண்டா?

அமெரிக்காவில் கறுப்பினப் பந்துவீச்சாளர்கள் தனி பேஸ்பால் லீக்குகளில் ஒதுக்கப்பட்டிருந்த கதையைச் சிலர் அறிவார்கள். நம் நாட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். 1876-இல் தார்வாடில், தோல் தொழில் சார்ந்த தலித் குடும்பத்தில் பிறந்தவர் பாலு. புனேயில் ஆங்கிலேயர்களின் கிரிக்கெட் கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்க்கு ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலை. வலைப்பயிற்சியில் வெள்ளைக்காரர்களுக்குப் பந்து வீசி வீசியே இடக்கைச் சுழலைக் கூர்மையாக்கினார். மட்டையை மட்டும் அவர் கையில் யாரும் கொடுக்கவில்லையாம்!

பிறகு இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் எல்லோரும் தொட்ட அதே பந்தைத்தான் அவரும் தொட்டார். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, மண்குவளையில் தேநீர், சாப்பாடும் தனி.

1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பெரும்பாலும் தோற்றது. பாலு மட்டும் அந்தப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் சாய்த்தார். ஆனாலும் இந்துக்கள் அணியின் தலைவர் பதவி கடைசிவரை அவருக்கு வாய்க்கவில்லை. 1923-இல் அது அவருடைய தம்பி விட்டலுக்குக் கிடைத்தது.

பின்னர் அரசியலிலும் இறங்கிய பாலு, 1937 பம்பாய்த் தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். 1955-இல் காலமானார்.