ஜி-சிங்க்கா, ஃப்ரீசிங்க்கா? கேமிங் மானிட்டர் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

கேமிங் மானிட்டர் வாங்கலாம் என்று ஆன்லைனில் தேட ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் தலை சுற்றிவிடும். ஒன்றில் ‘ஜி-சிங்க்’ என்று ஸ்டிக்கர். இன்னொன்றில் ‘ஃப்ரீசிங்க் ப்ரீமியம்’. மூன்றாவதில் ‘ஜி-சிங்க் கம்பாட்டிபிள்’. நான்காவதில் ‘அடாப்டிவ் சிங்க்’, ‘விஆர்ஆர்’ என்று வேறு பெயர்கள்.

“என்கிட்ட இருக்கிறது என்விடியா கார்டு. ஃப்ரீசிங்க் மானிட்டர் வாங்கினா வேலை செய்யுமா?” பிசி வாங்குபவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. 2018 வரை இதற்கு பதில் ‘செய்யாது’. இன்று ‘பெரும்பாலும் செய்யும்’. இடையில் என்ன நடந்தது? இந்தப் பெயர்களுக்கு என்ன வித்தியாசம்? பணம் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், பிரச்சனை என்ன?

60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் திரையில் உள்ள படத்தை அது ஒரு விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது என்று அர்த்தம். அதாவது 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை. 144 ஹெர்ட்ஸ் என்றால் 6.9 மில்லி விநாடிக்கு ஒருமுறை. இந்த வேகம் மாறாது, கடிகாரம் மாதிரி.

ஆனால் படத்தைத் தயாரித்து அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு அப்படி இல்லை. காலியான அறைக்குள் நடக்கும்போது விநாடிக்கு 120 பிரேம் கொடுக்கும். பக்கத்தில் ஒரு குண்டு வெடித்தால் 70-க்கு இறங்கிவிடும். இந்த எண்ணிக்கையைத்தான் எஃப்பிஎஸ் என்கிறோம்.

மானிட்டர் ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வரைகிறது. பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே புது பிரேம் வந்துவிட்டால், மேல் பாதியில் பழைய படமும் கீழ் பாதியில் புதிய படமும் தெரியும். கேமராவை வேகமாகத் திருப்பினால் நடுவில் கிழித்து ஒட்டியது போல ஒரு கோடு வரும். இதற்குப் பெயர் ‘ஸ்கிரீன் டேரிங்’.

வி-சிங்க் போதாதா?

பெரும்பாலான பிசி கேம்களின் செட்டிங்ஸில் ‘வி-சிங்க்’ என்று ஒன்று இருக்கும். மானிட்டர் ஒரு படத்தை முழுசாக வரைந்து முடிக்கும் வரை அடுத்த பிரேமைக் காத்திருக்க வைப்பதுதான் அதன் வேலை. டேரிங் போய்விடும். ஆனால் வேறொரு தலைவலி வரும்.

டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நேரத்துக்குக் கிளம்பிவிடும். ஒரு நொடி லேட்டாக வந்தாலும் அடுத்த பஸ்தான். அதேபோல, 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு பிரேம் 17 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், முதல் வாய்ப்பைத் தவறவிட்டு 33.3 மில்லி விநாடியில்தான் திரைக்கு வரும். அதுவரை பழைய படமே மறுபடியும் தெரியும். விளையாடுபவருக்கு இது ‘திக்கித் திக்கி’ ஓடுவது போல இருக்கும். மவுஸை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடையில் தாமதமும் கூடும்.

சுருக்கமாக, வி-சிங்க் போட்டால் திக்கும். எடுத்தால் கிழியும்.

தீர்வு: பஸ் இல்லை, ஷேர் ஆட்டோ

ஷேர் ஆட்டோவுக்கு கடிகாரம் கிடையாது. ஆள் சேர்ந்தால் கிளம்பும். மானிட்டரையும் அப்படி மாற்றிவிட்டால்? பிரேம் தயாரானதும் திரையைப் புதுப்பிக்க வேண்டும், அதுவரை மானிட்டர் காத்திருக்க வேண்டும். 83 எஃப்பிஎஸ் வந்தால் மானிட்டரும் 83 ஹெர்ட்ஸில் ஓடும். 61-க்கு இறங்கினால் அதுவும் இறங்கும்.

இதுதான் ‘வேரியபிள் ரெஃப்ரெஷ் ரேட்’. சுருக்கமாக விஆர்ஆர். ஜி-சிங்க், ஃப்ரீசிங்க், அடாப்டிவ் சிங்க் எல்லாமே இந்த ஒரே யோசனைக்கான வெவ்வேறு பெயர்கள்தான். யோசனையில் சண்டை இல்லை. அதை யார், எப்படி, என்ன விலைக்குக் கொடுப்பது என்பதில்தான் சண்டை.

என்விடியா போட்ட வழி: தனி சிப்

2013 அக்டோபரில் ஜி-சிங்க்கை அறிவித்தது என்விடியா. அன்றைய மானிட்டர்களுக்குள் இருந்த வழக்கமான கட்டுப்பாட்டு சிப்புகளுக்கு இப்படி வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டத் தெரியாது. எனவே அதை எடுத்துவிட்டு, தானே வடிவமைத்த ஒரு மாட்யூலை மானிட்டருக்குள் வைத்தது. அதற்கென தனி மெமரியும் இருந்தது.

வேலை கச்சிதம். ஆனால் விலை? அப்போது விற்பனையில் இருந்த ஒரு அசுஸ் மானிட்டரில் நாமே பொருத்திக்கொள்ளும் ஜி-சிங்க் கிட் வந்தது. அந்த கிட்டின் விலை மட்டுமே 199 டாலர். அதோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. மறுமுனையில் என்விடியா கார்டு இருந்தால்தான் ஜி-சிங்க் வேலை செய்யும்.

ஏஎம்டி போட்ட வழி: இருப்பதை வைத்தே சமாளிப்போம்

மூன்றே மாதத்தில் ஏஎம்டி பதில் கொடுத்தது. 2014 ஜனவரியில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில், தனி சிப் எதுவும் இல்லாமல் சாதாரண லேப்டாப்பிலேயே இதைச் செய்து காட்டியது.

எப்படி? லேப்டாப் திரைகளுக்கான இணைப்புத் தரத்தில், பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக ரெஃப்ரெஷ் வேகத்தைக் குறைக்கும் வசதி ஏற்கெனவே இருந்தது. சார்ஜை சேமிக்க வைத்திருந்த வசதியை கேமுக்குத் திருப்பியது ஏஎம்டி. அதே ஆண்டு மே மாதம், திரைகளுக்கான தரங்களை வகுக்கும் ‘வெசா’ அமைப்பு, ‘அடாப்டிவ் சிங்க்’ என்ற பெயரில் இதை டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ தரத்தில் சேர்த்தது. எந்த நிறுவனமும் பயன்படுத்தலாம், உரிமக் கட்டணம் இல்லை. அதன் மேல் ஏஎம்டி வைத்த பெயர்தான் ஃப்ரீசிங்க். 2015 மார்ச்சில் டிரைவர் வெளியானது.

விலை குறைந்தது, மாடல்கள் குவிந்தன. ஆனால் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஆரம்பகால ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் சிலவற்றில் இந்த வசதி 48 முதல் 75 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே வேலை செய்தது. எஃப்பிஎஸ் 48-க்குக் கீழே போனால் பழைய பிரச்சனைகள் திரும்பி வந்தன. சிலவற்றில் ஓடும் உருவத்துக்குப் பின்னால் நிழல் போல ஒரு தடம் தெரிந்தது.

நடுவில் மாட்டியது யார்?

வேறு யார், வாங்கியவர்கள்தான். கிராபிக்ஸ் கார்டை மூன்று நான்கு வருடத்தில் மாற்றுபவர்கள் கூட மானிட்டரை அதற்கு மேலும் வைத்திருப்பார்கள். ஜி-சிங்க் மானிட்டர் வாங்கிவிட்டால், அடுத்த கார்டும் என்விடியாவாகத்தான் இருக்க வேண்டும். ஏஎம்டிக்கு மாறினால், மானிட்டருக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு வீண். ஃப்ரீசிங்க் மானிட்டர் வைத்திருந்தவர் என்விடியா கார்டு வாங்கினாலும் இதே கதைதான். திரை ஓடும், விஆர்ஆர் ஓடாது.

இத்தனைக்கும் அடாப்டிவ் சிங்க் ஒரு பொதுத் தரம். என்விடியா அதற்கு ஆதரவு கொடுக்காததால்தான் இந்த நிலை.

2019-ல் என்ன நடந்தது?

2019 ஜனவரி சிஇஎஸ் நிகழ்ச்சியில் என்விடியா தலைமை செயல் அதிகாரி ஜென்சன் ஹுவாங் ஒரு அறிவிப்பை வெளியிட்டார். இனி என்விடியா கார்டுகள் அடாப்டிவ் சிங்க் மானிட்டர்களிலும் வேலை செய்யும். 400 மானிட்டர்களைச் சோதித்ததாகவும், அதில் 12 மட்டுமே தேறியதாகவும் அந்த நிறுவனம் சொன்னது. தேறியவற்றுக்குக் கிடைத்த பெயர்தான் ‘ஜி-சிங்க் கம்பாட்டிபிள்’.

தேறாத மானிட்டர் என்றால்? அதிலும் செட்டிங்ஸில் போய் நாமே ஆன் செய்துகொள்ளலாம். படம் மின்னாமல், திரை இருளாமல் ஓடினால் லாபம். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கும் அதற்குப் பிந்தைய கார்டுகளுக்கும் இந்த வசதி கிடைத்தது.

பெயர் ‘ஜி-சிங்க்’ என்று தொடங்கினாலும், ‘கம்பாட்டிபிள்’ மானிட்டருக்குள் என்விடியாவின் மாட்யூல் கிடையாது. உள்ளே இருப்பது அதே அடாப்டிவ் சிங்க்தான். அதாவது, மூடி வைத்திருந்த கதவைத் திறந்துவிட்டு, வாசலில் தன் பெயர்ப் பலகையை மாட்டியது என்விடியா.

அப்போ மாட்யூல் வைத்த ஜி-சிங்க் வீணா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ரெஃப்ரெஷ் வேகம் மாறும்போது, பிக்சலை எவ்வளவு வேகமாகத் தள்ள வேண்டும் என்ற கணக்கும் மாற வேண்டும். இதற்கு ‘வேரியபிள் ஓவர்டிரைவ்’ என்று பெயர். மாட்யூல் அதை நன்றாகச் செய்தது. எஃப்பிஎஸ் மிகவும் இறங்கினாலும் சமாளித்தது. சாதாரண மானிட்டர்களில் இது மாடலுக்கு மாடல் மாறும்.

ஆனால் அந்த மாட்யூலையும் என்விடியா கைவிடத் தொடங்கிவிட்டது. 2024 ஆகஸ்டில், மீடியாடெக் நிறுவனத்துடன் சேர்ந்து, மானிட்டரின் வழக்கமான சிப்பிலேயே ஜி-சிங்க் வசதிகளைக் கொடுக்கப்போவதாக அறிவித்தது. தனி மாட்யூல் தேவையில்லை.

மறுபக்கம் ஏஎம்டியும் தரத்தை இறுக்கியது. 2020-ல் ஃப்ரீசிங்க், ஃப்ரீசிங்க் ப்ரீமியம், ப்ரீமியம் ப்ரோ என மூன்று படிகள் வந்தன. 2024-ல் இன்னும் இறுக்கி, முழு எச்டி போன்ற தெளிவுள்ள கேமிங் மானிட்டர்களுக்கு அடிப்படை ஃப்ரீசிங்க் வேண்டுமென்றாலே 144 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும் என்றது. இதற்கிடையில் 2022-ல் வெசா அமைப்பும் சொந்தமாக ஒரு சான்றிதழைக் கொண்டுவந்தது.

டிவி, போன் எல்லாம்?

2017-ல் வந்த எச்டிஎம்ஐ 2.1 தரத்திலும் விஆர்ஆர் இடம்பெற்றது. எக்ஸ்பாக்ஸுக்கு 2018-லேயே இந்த வசதி வந்துவிட்டது. பிளேஸ்டேஷன் 5-க்கு 2022 ஏப்ரலில் வந்தது. எனவே டிவி வாங்குபவர்களும் இந்தப் பெயரைப் பார்க்கலாம்.

போனில் வரும் ‘அடாப்டிவ் 120 ஹெர்ட்ஸ்’ கொஞ்சம் வேறு. ஐபோன் 13 ப்ரோவின் திரை 10 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மாறும். ஸ்க்ரோல் செய்யும்போது வேகம் ஏறும், அசையாத படத்தில் இறங்கும். அங்கே பேட்டரியை மிச்சப்படுத்துவதும் ஒரு முக்கிய நோக்கம். மானிட்டரில் நோக்கம், கார்டின் வேகத்தோடு ஒத்துப்போவது.

ஸ்டிக்கரை விட முக்கியமான ஒரு எண்

இன்று ஸ்டிக்கரை விட அதிகம் சொல்வது விஆர்ஆர் எல்லை. அதாவது எத்தனை ஹெர்ட்ஸ் முதல் எத்தனை ஹெர்ட்ஸ் வரை இந்த வசதி வேலை செய்யும் என்பது.

உதாரணத்துக்கு 48 முதல் 144 ஹெர்ட்ஸ் எல்லை கொண்ட மானிட்டர். கேம் 40 எஃப்பிஎஸ்ஸுக்கு இறங்கினால், ஒவ்வொரு பிரேமையும் இரண்டு முறை காட்டி 80 ஹெர்ட்ஸில் ஓடலாம். 80 எல்லைக்குள் இருப்பதால் படம் சீராக இருக்கும். இந்த உத்திக்கு ‘எல்எஃப்சி’ என்று பெயர். அதே 40 எஃப்பிஎஸ், 48 முதல் 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில்? 80 வேண்டும், ஆனால் 75-க்கு மேல் போக முடியாது. வசதி அங்கேயே நின்றுவிடும்.

எனவே மேல் எண், கீழ் எண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். நடுத்தர கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். எஃப்பிஎஸ் அடிக்கடி இறங்குவது அவர்களுக்குத்தான்.

வாங்கும் முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை

1. தயாரிப்பாளரின் இணையதளத்தில் விஆர்ஆர் எல்லையைத் தேடிப் பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு ஒரு எல்லை, எச்டிஎம்ஐக்கு வேறு எல்லை என்றும் இருக்கலாம்.

2. என்விடியா கார்டோடு ஃப்ரீசிங்க் மானிட்டர் என்றால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையே பயன்படுத்துங்கள். பழைய ஃப்ரீசிங்க் மானிட்டரில் எச்டிஎம்ஐ வழியாக இணைத்தால், ஏஎம்டி கார்டுக்கு வேலை செய்யும் விஆர்ஆர் என்விடியாவுக்கு வேலை செய்யாது.

3. செகண்ட் ஹேண்டில் பழைய ஜி-சிங்க் மானிட்டர் மலிவாகக் கிடைத்தால், உங்கள் கார்டு எது என்று ஒருமுறை யோசியுங்கள். முதல் தலைமுறை மாட்யூல்கள் ஏஎம்டி கார்டுக்கு விஆர்ஆர் கொடுக்காது.

4. சில விஏ மற்றும் ஓஎல்இடி பேனல்களில் விஆர்ஆர் ஆன் செய்தால் இருண்ட காட்சிகளில் லேசாக மின்னும். வாங்கும் மாடலின் விமர்சனங்களில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

5. வாங்கிய பிறகு மூன்று இடங்களில் செட்டிங்ஸ் பாருங்கள். மானிட்டரின் மெனு, கார்டின் சாஃப்ட்வேர், விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸ். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கிவிட்டு, விண்டோஸில் 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

6. எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் அதிகபட்ச ஹெர்ட்ஸை விட மூன்று நான்கு குறைவாக லிமிட் செய்துவிடுங்கள். 144 என்றால் 141 அல்லது 140. எல்லையைத் தாண்டினால் விஆர்ஆருக்கு வேலை இல்லை.

யாருக்கு இது தேவையே இல்லை?

வாலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற கேம்களில் மானிட்டரின் ஹெர்ட்ஸை விட அதிக எஃப்பிஎஸ் எடுப்பவர்களுக்கு விஆர்ஆர் பெரிய வித்தியாசம் தராது. அவர்களில் பலர் தாமதத்தைக் குறைக்க எல்லாவற்றையும் ஆஃப் செய்தே விளையாடுகிறார்கள். படம் பார்க்க, ஆபீஸ் வேலை பார்க்க மட்டும் மானிட்டர் என்றால் இதற்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம். திறந்த உலக கேம்களை 50-க்கும் 100-க்கும் இடையில் ஏறி இறங்கும் எஃப்பிஎஸ்ஸில் ஓட்டுபவர்களுக்குத்தான் இது கொடுத்த காசுக்குப் பலன்.

மொத்தத்தில், ஒரு காலத்தில் மானிட்டர் வாங்கினால் அடுத்த கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்தே முடிவு செய்தாக வேண்டும். இன்று அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் பட்ஜெட்டில் உள்ள இரண்டு மானிட்டர்களுக்கு ஸ்டிக்கர் மட்டும்தான் வேறு, விஆர்ஆர் எல்லை ஒன்றே என்றால், லோகோவுக்காக அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. மிச்சமாகும் பணத்தை நல்ல பேனலுக்கோ, கார்டுக்கோ போடலாம்.