சோதனை முடிவும் அதன் அறிக்கையும்: 'அரியாலை' என்னும் சொல்லை முன்வைத்து

கணினி நிரலொன்று சரியாக இயங்குகின்றதா என்பதை மற்றொரு நிரலாற் சோதிப்பது மென்பொருள் உற்பத்தியின் வழமையான அங்கமாகிவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இதற்குப் பெரிதும் பயன்படும் சட்டகங்களுள் ஒன்று ஜெஸ்ட். பேஸ்புக் நிறுவனத்தில் உருவான அது, 2022இல் ஓப்பன்ஜேஎஸ் அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது.

யாழ்ப்பாண நகரின் கிழக்கேயுள்ள அரியாலையின் பெயரையே உதாரணமாகக் கொள்வோம். தமிழ் நெடுங்கணக்கின்படி அச்சொல்லில் 4 எழுத்துக்கள். ஜாவாஸ்கிரிப்டின் 'லெங்த்' என்னும் பண்போ 7 என்று விடை தரும். உயிர்மெய்யின் உயிர்க்குறியை அது தனியலகாகக் கணிக்கின்றது. சொல்லின் எழுத்தெண்ணிக்கையைக் கூறும் நிரலொன்று இப்பண்பை நம்பியிருப்பின், 4 என எதிர்பார்க்கும் சோதனை தோல்வியுறும். அத்தோல்வி சோதித்தவரின் திரையிலே தோன்றி மறைந்துவிடின், பிழை எங்குள்ளது என்னும் வினாவே எழாது.

அறிக்கை முகவரின் தேவை இங்கேதான் புலனாகின்றது. ரிப்போர்ட்போர்ட்டல் என்பது சோதனை முடிவுகளைத் திரட்டிவைக்கும் திறந்தமூல மென்பொருள். அதன் ஜெஸ்ட் முகவரை என்பிஎம் வழியாக நிறுவி, ஜெஸ்டின் அமைவுக் கோப்பிலுள்ள 'ரிப்போர்ட்டர்ஸ்' பட்டியலிற் சேர்த்தல் வேண்டும். வழங்கியின் முகவரி, செயற்றிட்டத்தின் பெயர், நுழைவுச்சாவி ஆகியனவும் அங்கு தரப்படும். (சாவியைக் கோப்பிலேயே எழுதிவிடுவோர் பலர், அது சூழல் மாறியில் இருத்தலே தகும்.) பட்டியலில் 'டிஃபால்ட்' என்பதை இடாதுவிடின் திரையில் வழமையான வெளியீடு தோன்றாது. இவ்வளவே இணைப்பு வேலை. சோதனைகள் முடிவுற முடிவுற ஜெஸ்ட் முகவருக்கு அறிவிக்கும். முகவர் அதனை வழங்கிக்கு அனுப்பும்.

அங்கு தோல்வி முதலில் 'ஆராயப்படவேண்டியது' என்றே பதிவாகின்றது. அதை உற்பத்திப் பிழை, சோதனைப் பிழை, அமைப்புச் சிக்கல் என வகைப்படுத்துவது மனித உழைப்பு. மேற்குறித்த தோல்வியைச் சோதனைப் பிழையென ஒருவர் குறித்துவிட்டால், 4 என்னும் சரியான விடையே 7 எனத் திருத்தப்படும். உற்பத்திப் பிழையெனக் குறித்தால், நிரலர் 'இன்டல் செக்மென்டர்' போன்ற எழுத்துப் பகுப்பியைக் கையாண்டு நிரலைத் திருத்தவேண்டியவராகின்றார். குறியொன்றுதான், ஆயின் தமிழ் எழுத்து முறைமைக்குக் கணினியில் இடமுண்டா என்பது அதிலே தங்கியுள்ளது.

ரிப்போர்ட்போர்ட்டலின் தானியங்கிப் பகுப்பாய்வி, முன்னர் மனிதர் வகைப்படுத்திய பதிவுகளோடு ஒப்பிட்டே புதிய தோல்விகளுக்குப் பெயரிடுகின்றது. இயந்திரத்தில் உறைந்திருக்கும் கடந்தகால உழைப்பைப் பற்றி மார்க்ஸ் கூறியது இதற்கும் பொருந்தும். இயந்திரத்தின் 'அறிவு' எனப் போற்றப்படுவது சோதனையாளரின் சேமிக்கப்பட்ட உழைப்பே. அவர் இட்ட தவறான குறியும் அவ்வாறே சேமிக்கப்படும். யாரேனும் திறந்து திருத்தும்வரை, பின்வரும் இயக்கங்களிலும் 'அரியாலை'யின் 4 எழுத்துக்கள் சோதனைப் பிழையென்றே பெயர்பெறக்கூடும்.