தொழினுட்பவியல் துறையைத் தெரிவு செய்ய முன்னர்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு கைக்கு வந்ததும் நீங்கள் எதிர்கொள்ளும் முதல் வினா, உயர் தரத்தில் எத்துறையில் கற்பது என்பதாகும். அப்போது உங்கள் காதில் விழும் ஆலோசனைகளுள் ஒன்று, “மட்ஸ் கஷ்டம் என்றால் டெக் செய்யலாம்” என்பது. இது நல்ல எண்ணத்துடன் சொல்லப்படும் தவறான ஆலோசனை. தொழினுட்பக் கல்வி எமது பாடசாலைகளில் பலமுறை தடம்புரண்டமைக்கும் இவ்வெண்ணமே பெருங்காரணமாக இருந்தது.

முன்னைய முயற்சிகள்

தொழிற் கல்வியைப் பாடசாலைக்குள் கொண்டுவரும் முயற்சி இலங்கைக்குப் புதியதன்று. 1930களில் ஹந்தெஸ்ஸ கிராமியக் கல்வித் திட்டம் வந்தது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்போது சாதாரண தரத்தின் இடத்தில் புதியதொரு தேசியச் சான்றிதழ்ப் பரீட்சை அமைக்கப்பட்டு, அதில் தொழில் முன்னிலைப் பாடங்கள் சேர்க்கப்பட்டன. மாணவர் தமது பிரதேசத்துத் தொழில்களைப் பாடசாலையிலேயே கற்றனர். 1977இல் ஆட்சி மாறியதும் அவை கைவிடப்பட்டுப் பழைய பரீட்சை முறை திரும்பி வந்தது. 1980களில் வாழ்க்கைத் திறன் பாடம் வந்து, அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை.

பரீட்சையில் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் பற்றி எழுதும் மாணவர் பலர் “ஆட்சி மாற்றத்தால் கைவிடப்பட்டது” என்ற ஒரே வரியுடன் நிறுத்திவிடுகின்றனர். அவ்விடை போதாது. பெற்றோரின் எதிர்ப்பையும் எழுதுங்கள். நகரத்துப் பிள்ளை வைத்தியராகவும் கிராமத்துப் பிள்ளை தகப்பனின் தொழிலிலேயே தங்கிவிடவும் செய்யும் ஏற்பாடு இது என அவர்கள் ஐயுற்றனர். அந்த ஐயத்தை வெறும் வறட்டுக் கௌரவம் என்று தள்ளிவிட முடியாது. அப்பாடங்களைத் திறமையாகக் கற்ற மாணவனுக்கு அதே வழியில் பல்கலைக்கழகம் வரை செல்லும் பாதை அன்று இருக்கவில்லை. மேலே ஏணி இல்லாத படியில் பிள்ளையை நிறுத்த எந்தப் பெற்றோர் விரும்புவர்?

2013இல் உயர் தரத்தில் தொழினுட்பவியல் துறை ஆரம்பிக்கப்பட்டபோது ஏற்பட்ட முக்கிய மாற்றம் இதுவே. இத்துறையின் முதலாவது உயர் தரப் பரீட்சை 2015இல் நடைபெற்றது. அதனைத் தொடர்ந்து பல்கலைக்கழகங்களில் தொழினுட்பவியல் பீடங்கள் தோன்றின. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்பவியல் பீடம் கிளிநொச்சியில் இயங்குகிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் அத்தகைய பீடம் உண்டு.

என்ன கற்பீர்கள்?

தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம் கட்டாய பாடமாகும். அதனுடன் பொறியியற் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் ஆகியவற்றுள் ஒன்றையும், குறித்த பட்டியலிலிருந்து மூன்றாவது பாடமொன்றையும் கற்க வேண்டும். முன்னையதில் கட்டட நிர்மாணம், நில அளவை, மின், இலத்திரனியல், இயந்திரம் ஆகியன வரும். பின்னையதில் மண், பயிர், உணவு பதனிடல் போன்றன வரும். முன்னையது ஆண்களுக்கும் பின்னையது பெண்களுக்கும் உரியன என்று சில பாடசாலைகளில் சொல்லாமலே பிரித்துவிடுகிறார்கள். அதற்கு எந்தவொரு நியாயமும் இல்லை.

இனி, “கணிதம் வராதவர்களுக்கான துறை” என்பது சரியா எனப் பார்ப்போம். உங்கள் வீட்டில் 5 அம்பியர் குதையில் 2000 வாட்டு மின்கேத்தலைச் செருகுகிறார்கள் எனக் கொள்வோம். எமது வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. வலுவை மின்னழுத்தத்தால் வகுத்தால் ஓட்டம் ஏறத்தாழ 8.7 அம்பியர் எனக் கிடைக்கும். 5 அம்பியருக்குரிய குதையில் இது 1.74 மடங்காகும். “இரண்டு மடங்குகூட இல்லையே” என்று தோன்றும். ஆயினும் கடத்தியில் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகித சமமானது. 1.74இன் வர்க்கம் ஏறத்தாழ 3. ஆகவே மூன்று மடங்கு வெப்பம் அங்கே பிறக்கிறது. குதையின் பிளாத்திக்கு பழுப்பு நிறமாகி, கருகிய மணம் வருவது இதனாலேயே. வயரிங் செய்பவர் “கேத்தலை இதில் போட வேண்டாம்” என்று அனுபவத்தால் சொல்வார். எவ்வளவு கூடாது, ஏன் கூடாது என்று கணக்கிட்டுச் சொல்வது தொழினுட்பவியல் கற்றவரின் வேலை.

கொங்கிறீற்றும் அப்படியே. சீமெந்து, மணல், கல் ஆகியவற்றை 1:2:4 என்ற விகிதத்தில் கலப்பதை மனனம் செய்வது எளிது. ஆனால் வேலை இலகுவாக இருக்கட்டும் என்று கூடுதலாக ஊற்றும் ஒரு வாளி நீர் என்ன செய்யும்? சீமெந்துடன் தாக்கமுறாத நீர் பின்னர் ஆவியாகி வெளியேற, அது இருந்த இடங்கள் நுண்டுளைகளாக எஞ்சும். கொங்கிறீற்றின் வலிமை குறையும். இதைப் புத்தகத்தில் வாசித்த மாணவனும், ஒருமுறை தானே கலந்து அச்சில் வார்த்துப் பார்த்த மாணவனும் ஒரே விதமாக விடை எழுதுவதில்லை. செயன்முறைப் பரீட்சையில் அவ்வேறுபாடு ஒளிக்க முடியாதபடி வெளிப்படும்.

பொறியியலாளரா, தொழினுட்பவியலாளரா?

இவ்விடயத்தில் தெளிவு வேண்டும். பொறியியல் பீடத்துக்குச் சென்று பொறியியல் விஞ்ஞானமாணிப் பட்டம் பெற விரும்பினால், உயர் தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகியவற்றையே கற்க வேண்டும். தொழினுட்பவியல் துறையிலிருந்து கிடைப்பது தொழினுட்பவியல் பட்டமாகும். இரண்டும் வேறு. உலகளவிலும் இவ்வேறுபாடு அங்கீகரிக்கப்பட்டுள்ளது. பொறியியற் பட்டங்களுக்கு 1989ஆம் ஆண்டின் வொஷிங்டன் உடன்படிக்கையும், தொழினுட்பவியலாளருக்கு 2001ஆம் ஆண்டின் சிட்னி உடன்படிக்கையும், தொழினுட்பவியல் உதவியாளருக்கு 2002ஆம் ஆண்டின் டப்ளின் உடன்படிக்கையும் உள்ளன. இலங்கை பொறியியலாளர் நிறுவனம் 2014இல் வொஷிங்டன் உடன்படிக்கையின் முழு அங்கத்துவம் பெற்றது. வடிவமைப்பவரும், அதைக் களத்தில் இயங்க வைப்பவரும், கருவியைக் கையாள்பவரும் இல்லாமல் ஒரு பாலமும் எழும்பாது. ஆனால் ஒன்றை நினைத்துக்கொண்டு மற்றதில் சேர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

பல்கலைக்கழக அனுமதி கிடைக்காவிடினும் வழி அடைபடுவதில்லை. தேசிய தொழிற்றகைமைச் சட்டகத்தில் ஏழு மட்டங்கள் உள்ளன. முதல் நான்கும் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள், ஏழாவது பட்டத்துக்குச் சமம். 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தொழிற் தொழினுட்பவியல் பல்கலைக்கழகம் இப்பாதையில் வருவோருக்குப் பட்டக் கல்வியை வழங்குகிறது. கிளிநொச்சியில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் உள்ளது.

தெரிவுக்கு முன் கேட்க வேண்டியவை

எல்லாப் பாடசாலைகளிலும் இத்துறை இல்லை. இருக்கும் பாடசாலைகளிலும் நிலைமை ஒரே மாதிரியானதன்று. ஆய்வுகூடக் கட்டடம் நின்றாலும் பல்மானி பெட்டியிலேயே இருந்தால் பயனில்லை. எனவே அனுமதிக்கு முன்னர் அங்கு கற்கும் ஓர் அண்ணாவிடமோ அக்காவிடமோ கேளுங்கள்: கடந்த தவணையில் எத்தனை நாள் ஆய்வுகூடத்தில் கருவிகளைத் தொட்டீர்கள்? துறைக்குரிய ஆசிரியர் நிரந்தரமாக உள்ளாரா? திருப்தியான பதில் கிடைக்காவிடின் அயலிலுள்ள வேறு பாடசாலையையும் விசாரித்துப் பாருங்கள்.

மூன்றாவது பாடத்தை நண்பர்களைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். சில பட்டக் கற்கைநெறிகள் குறிப்பிட்ட பாடங்களை வேண்டி நிற்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலில் அவை தரப்பட்டுள்ளன. நூலகத்திலோ இணையத்திலோ பார்க்கலாம்.

மேலும் ஒன்று. நீங்கள் தமிழில் கற்கும் தடை, முறுக்கம், விளிம்பு ஆகியவற்றைப் பல்கலைக்கழகத்தில் ரெசிஸ்டன்ஸ், டோர்க், எட்ஜ் என்றே கேட்பீர்கள். அங்கு விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடைபெறும். பாடக் கொப்பியின் ஓரத்தில் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் எதிரே ஆங்கிலச் சொல்லையும் 12ஆம் தரத்திலிருந்தே எழுதி வாருங்கள். நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் போதும்.