மூட்டைப்பூச்சிக்குப் பயந்து...

“மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?” என்பார் என் அம்மா. சாந்தன்பாறையில் எங்கள் லயத்து வீட்டில் ஏறக்குறைய அதுதான் நடக்க இருந்தது.

தீபாவளிக்குப் போடிநாயக்கனூர் போய்த் திரும்பிய சில நாளில் பேரன் உடம்பெல்லாம் தடிப்பு. கொசுக்கடி என்றிருந்தோம். கட்டில் சந்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் மூட்டைப்பூச்சி! வெளியே சொல்ல வெட்கம். ஏலத்துக்கு அடித்தது போக மீதியிருந்த மருந்தைக் கட்டிலில் அடிக்க மகன் பம்பைத் தூக்கிவிட்டான். பிள்ளை படுக்கும் இடமல்லவா! தோலிலும் மூச்சிலும் ஏறும் விஷம் அது. தடுத்துவிட்டேன்.

1953-இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபின் வீடு வீடாக டி.டி.டி. அடித்தார்கள். கொசுவோடு மூட்டைப்பூச்சியும் குறைந்தது. ஆனால் டி.டி.டி.க்குச் சாகாத மூட்டைப்பூச்சியை 1947-லேயே ஹவாயின் பேர்ள் ஹார்பரில் கண்டிருந்தார்கள். இன்று கொசுவர்த்தியில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கும் பல ஊர்ப் பூச்சிகள் பழகிவிட்டன. போதாக்குறைக்கு, நாம் போகுமிடமெல்லாம் பெட்டி படுக்கையில் ஏறி அதுவும் வருகிறது. 2023-இல் பாரிஸ் நகரமே இதனால் அல்லோலகல்லோலப்பட்டது. அப்படியிருக்க, நமக்கு மட்டும் என்ன வெட்கம்?

பூச்சி ஒழிப்பு வேலை செய்யும் ஒருவரிடம் விசாரித்தேன். “மருந்தை மட்டும் நம்பாதீர்கள், சூட்டை நம்புங்கள்” என்றார். ஐம்பது டிகிரிக்கு மேல் சூடேறினால் பூச்சியும் சாகும், முட்டையும் சாகும். நம் ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் சூடு ஏறக்குறைய அவ்வளவுதான்! ஆனால் நம் மலை வெயில் அதற்குக் காணாது. ஆகவே துணிகளைக் கொதிநீரில் முக்க வேண்டும்; கட்டில் சந்துகளில் கொதிநீர் ஊற்ற வேண்டும். வீட்டுக்கென்று அனுமதித்த மருந்தைத் தெரிந்தவர்தான் அடிக்க வேண்டும். தப்பிய முட்டை பொரிந்துவிடும் என்பதால் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். பட்டினி போட்டுக் கொல்லவும் முடியாது. இரத்தமின்றிப் பல மாதம் உயிரோடிருக்கும்.

இன்னொன்றும் சொன்னார்: லயத்தில் ஒரு வீட்டில் மட்டும் செய்தால், சுவர் வெடிப்பு வழியே அடுத்த வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும்.

வெட்கத்தை விட்டு அக்கம்பக்கத்தில் சொன்னேன். “எங்கள் வீட்டிலும்தான் அக்கா” என்று மூன்று வீட்டார் மெல்லச் சொன்னார்கள்! அடுத்த ஞாயிறு லயம் முழுக்க அடுப்பில் அண்டா. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே அண்டா. இப்போது பேரன் நிம்மதியாகத் தூங்குகிறான்.

அன்பர்களே, இந்தப் பூச்சி கடித்து நோய் பரவியதாகத் தெரியவில்லை. தோட்டத்து மருந்தோ உயிரையே எடுக்கும். அது தோட்டத்தோடு இருக்கட்டும்.